சிரியா: வரைபடத்தின் நாலு நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி (வாசகர் ஒருவர், 9 டிசம்பர் 2024)

பதின்மூன்று வருஷமாக இழுத்த சண்டை. எந்தப் பகுதி யார் கையில் என்று காட்டும் வரைபடத்தில் சிவப்பு அரசு, பச்சை கிளர்ச்சியாளர்கள், மஞ்சள் குர்துகள், கறுப்பு ஐஎஸ் என்ற இஸ்லாமிய அரசு இயக்கம். 2020 மார்ச்சுக்குப் பிறகு கோடு பெரிதாக அசையவே இல்லை. இப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சிவப்பு மொத்தமாகக் காலி. துருக்கியும் அமெரிக்காவும் முன்கூட்டியே பேசி முடித்த நாடகம் இது என்கிறேன் நான். எதிரிக்கு எதிரி நண்பன், அவ்வளவுதானே இந்தப் போர்? யாராவது மறுக்க முடியுமா?

9 டிசம்பர், இரவு

மறுக்கிறேன். நாடகம் என்றால் அதிபர் அசாத்துக்கு மட்டும் வசனம் கொடுக்க மறந்துவிட்டார்கள் போல. நவம்பர் 27 அன்று கிளர்ச்சியாளர்கள் வடமேற்கே இத்லிப்பிலிருந்து கிளம்பினார்கள், மூன்றாம் நாள் அலெப்போவுக்குள் இருந்தார்கள். டிசம்பர் 5 ஹமா. 7 ராத்திரி ஹோம்ஸ். 8 விடிவதற்குள் டமாஸ்கஸ்.

இதில் நான் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு செய்தியை. டிசம்பர் 4, ஹமாவின் வாசலில் சண்டை நடக்கிறது. அன்றைக்கு அசாத் ஒரு ஆணை போடுகிறார்: ராணுவத்தினருக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அந்த உயர்வை வாங்கக்கூட ஆள் நிற்கவில்லை. சீருடையைக் கழற்றி ரோட்டோரம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

10 டிசம்பர், காலை

நிறம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரைபடங்களைப் போடுகிறவர்கள் நேர்மையாகத்தான் உழைக்கிறார்கள், நானே வருஷக்கணக்கில் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் நிறம் சொல்வது எந்தக் கொடி பறக்கிறது என்பதை மட்டும். அந்தக் கொடிக்காகச் சாக யார் தயார் என்பதை அது சொல்லாது.

சிவப்புக்குள் யார் யார் இருந்தார்கள்? அசாத்தின் தம்பி மாஹரின் நான்காவது படைப்பிரிவு, சோதனைச்சாவடி வசூலுக்குப் பேர் போனது. சுஹைல் அல் ஹசனின் புலிப்படை, ரஷ்யாவின் செல்லப்பிள்ளை. லெபனானிலிருந்து ஹிஸ்புல்லா. ஈரான் கூட்டி வந்த ஆப்கானியர்களின் ஃபாத்திமியூன். ஊர்க்காவல் மாதிரி ஆங்காங்கே உள்ளூர்க் குழுக்கள். இதெல்லாம் ஒரே சிவப்பு.

தெற்கே தரா தான் சரியான உதாரணம். 2018 ஜூலையில் அங்கே கிளர்ச்சியாளர்கள் ரஷ்யா கொடுத்த உத்தரவாதத்தில் சமரசம் செய்துகொண்டார்கள். அஹ்மத் அல் அவ்தா என்ற தளபதி தன் ஆட்களோடு அப்படியே அரசின் ஐந்தாம் படையணியில் எட்டாவது பிரிகேடாகச் சேர்ந்தார். வரைபடத்தில் அன்று பச்சை போய் சிவப்பு வந்தது. ஆட்கள் அதே ஆட்கள், ஊர் அதே ஊர். 2024 டிசம்பர் 6 அன்று அதே தெற்கு மறுபடி எழுந்தது. டமாஸ்கஸுக்குள் முதலில் நுழைந்தவர்களில் இந்தத் தெற்கத்திக்காரர்கள் உண்டு, இத்லிப் ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்பே.

10 டிசம்பர், மதியம்

எதிரிக்கு எதிரி நண்பன் என்ற விதிக்கு: 2016 பிப்ரவரி. அலெப்போவுக்கு வடக்கே ஒய்பிஜி என்ற குர்துப் படை தலைமையிலான எஸ்டிஎஃப் கூட்டுப்படை, மேலே ரஷ்ய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது, தல் ரிஃபாத்தைக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து பிடிக்கிறது. அதே எஸ்டிஎஃப்புக்குக் கிழக்கே ஐஎஸ்ஸுக்கு எதிராக அமெரிக்க விமானங்கள். தல் ரிஃபாத் பக்கம் அடி வாங்கிய குழுக்களில் சிலவற்றுக்கு ஆயுதம் கொடுத்தது சிஐஏ. அடித்தவர்களுக்கு ஆதரவு பென்டகன். ஒரே நாட்டின் இரண்டு அலுவலகங்கள் ஒரே வயல்வெளியில் மோதிக்கொண்டன. இதில் யாருக்கு யார் எதிரி, யாருக்கு யார் நண்பன்? விதியை வைத்துச் சொல்லுங்கள்.

11 டிசம்பர்

"நீங்கள் எல்லாம் போனில் பார்த்தது" என்று ஒருவர் கீழே குத்தியிருக்கிறார். உண்மைதான், போனில்தான். ஆனால் ஷார்ஜாவில் இருந்தபோது பக்கத்து அறையில் அலெப்போக்காரர் ஒருவர் இருந்தார், டைல்ஸ் வேலை. அம்மா கிழக்கு அலெப்போவில் புஸ்தான் அல் கஸ்ர் பகுதி, அக்கா மேற்கில். 2012 ஜூலைக்குப் பிறகு ஊர் இரண்டாகிவிட்டது. நடுவே கராஜ் அல் ஹஜ்ஸ் என்று ஒரு கடவை. வண்டி போகாது. சனங்கள் சுவரை ஒட்டி நடந்தே கடக்க வேண்டும், மேலே ஸ்னைப்பர். கையில் ரொட்டிப் பை, தக்காளி, தலைமேல் மூட்டை. மரணக் கடவை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் வீட்டுக்குப் போன் போட்டால் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கடவை திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2013 ஜூலையில் கிளர்ச்சியாளர்கள் மேற்குக்குச் சாப்பாடு போவதைத் தடுத்தார்கள், அவர்கள் பக்கத்துச் சனங்களே தெருவுக்கு வந்து அதை எதிர்த்துக் கத்தினார்கள். கடவை மூடிய பிறகு, நடந்து போகும் அந்தத் தூரத்துக்கு ஊரைச் சுற்றி நாள் முழுக்க பஸ்.

என் போனில் இருந்த வரைபடத்தைப் பார்த்து ஒருநாள் சிரித்தார். அம்மா வீடு பச்சை, அக்கா வீடு சிவப்பு. இரண்டு பக்கமும் ஜெனரேட்டர்காரனுக்கு ஆம்பியர் கணக்கில் காசு அழ வேண்டும், வித்தியாசம் சாவடியில் நிற்பவனின் தாடிதான் என்றார்.

13 டிசம்பர்

முந்தாநாள் விட்ட இடம்: காசு. கூட்டணி மாறுவதற்குக் கொள்கையைத் தேடுகிறவர்கள் கோதுமையையும் எண்ணெயையும் பார்ப்பதில்லை.

எண்ணெய்க் கிணறுகள் கிழக்கே. சுத்திகரிப்பு ஆலைகள் மேற்கே, ஹோம்ஸிலும் பனியாஸிலும், கடைசி வரை அரசின் கையில். கிணறு யாரிடம் இருந்தாலும் கச்சா எண்ணெயை விற்றாக வேண்டும், ஆலைக்கும் எண்ணெய் வேண்டும். கிணறு ஐஎஸ்ஸிடம் இருந்தபோதும் எண்ணெய் டமாஸ்கஸ் பக்கம் போனது. இடைத்தரகு செய்ததாக ஜார்ஜ் ஹஸ்வானி என்ற தொழிலதிபர் மீது 2015 நவம்பரில் அமெரிக்கா தடை போட்டது. பிறகு கிணறுகள் எஸ்டிஎஃப்பிடம் வந்தன. லாரி நிற்கவில்லை, தரகர் மாறினார். கத்திர்ஜி குடும்பத்தின் டேங்கர்கள் அந்த ரோட்டில் பிரசித்தம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்பார்களே, அங்கே அதற்கு ரசீதே போட்டுக் கொடுத்தார்கள்.

கிழக்கு கூத்தா இன்னும் சுவாரஸ்யம். டமாஸ்கஸின் ஓரம், 2013 முதல் 2018 வரை முற்றுகை. உள்ளே பட்டினி. ஆனால் மிஸ்ராபா ஊர் பால் வியாபாரி ஒருவர் முற்றுகைக்குள் மாடு வளர்த்து, வெளியே தலைநகருக்குச் சீஸ் விற்று, திரும்பும் வண்டியில் மாவும் தீவனமும் கொண்டுவர இரண்டு தரப்பிடமும் அனுமதி வாங்கி வைத்திருந்தார். வஃபிதீன் கடவையில் அரசுச் சாவடிக்கு ஒரு வரி, தாண்டினால் இந்தப் பக்கம் இன்னொரு வரி. சர்க்கரை விலை உள்ளே பல மடங்கு. முற்றுகை என்றால் கதவைச் சாத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவில் ஆள் உட்காருவதுதான் முற்றுகை. அந்த ஆளுக்குச் சண்டை முடியவேண்டிய அவசரம் எதுவும் கிடையாது.

14 டிசம்பர்

குர்துகளும் அசாத்தும் ஆரம்பத்திலிருந்தே கூட்டு என்று கீழே ஒரு வாதம். பாதிதான் சரி. 2012 ஜூலையில் அரசுப்படை கொபானி, அஃப்ரின் பக்கமிருந்து பெரிதாகச் சண்டை இல்லாமல் விலகியது, ஒய்பிஜி உள்ளே வந்தது. அது நிஜம். வடகிழக்கே கமிஷ்லியில் விமான நிலையமும் நகர மையத்தில் சில தெருக்களும் கடைசி வரை அரசிடமே இருந்தன. ஒரு தெருவில் அசாத் படம், இரண்டு தெரு தள்ளி குர்துத் தலைவர் ஓஜலான் படம். ஆசிரியர்கள் பலருக்கு டமாஸ்கஸிலிருந்து சம்பளம்.

ஆனால் 2016 ஆகஸ்டில் பக்கத்து ஹசக்காவில் அதே இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அரசு விமானம் குர்து நிலைகளில் குண்டு போட்டது, அமெரிக்கா தன் போர் விமானங்களை அனுப்பியது. சண்டை ஓய்ந்ததும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில். 2019 அக்டோபரில் டிரம்ப் எல்லையிலிருந்து ஆட்களை இழுத்தார், துருக்கி உள்ளே வந்தது, சில நாளில் எஸ்டிஎஃப் அரசுப்படையையும் ரஷ்யாவையும் தானே கூப்பிட்டது. கூட்டு என்று சொல்வதைவிட, மூன்றாவது ஆள் எவ்வளவு பயமுறுத்துகிறான் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கிய ஒரு ஏற்பாடு என்பேன்.

14 டிசம்பர், இரவு

ஷேக் மக்சூத்தை மறந்துவிட்டேனா என்று ஒருவர். மறக்கவில்லை. அலெப்போவுக்குள் ஒரு குர்துப் பேட்டை, போரின் பெரும்பகுதி மஞ்சள். முதலில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு, பிறகு சுற்றிலும் சிவப்பு, இப்போது சுற்றிலும் புதுப் பச்சை. இதுவரை யார் வந்தாலும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

17 டிசம்பர்

மோரெக் கதை. சிரிப்பு வரும், சொல்லிவிடுகிறேன்.

ரஷ்யா, துருக்கி, ஈரான் மூன்றும் நடத்திய அஸ்தானா பேச்சில் 2017-ல் பதற்றம் தணிக்கும் மண்டலங்கள் என்று நாலு வரைந்தார்கள். அடுத்த வருஷம் ஜூலைக்குள் மூன்றை அரசு விழுங்கிவிட்டது. மிச்சம் இத்லிப். அதைச் சுற்றித் துருக்கி 12 கண்காணிப்பு நிலைகள் அமைத்தது. ஒன்று மோரெக்கில். 2019 ஆகஸ்டில் அரசுப்படை முன்னேறி அந்த ஊரையும் அதற்கு வடக்கே உள்ளதையும் பிடித்துவிட்டது. துருக்கிப் படை கிளம்பவில்லை. சுற்றிலும் சிவப்பு, நடுவில் ஒரு கொட்டில் அளவுக்குத் துருக்கி. எதைக் கண்காணித்தார்கள் என்று கேட்காதீர்கள். 2020 அக்டோபரில்தான் மூட்டை கட்டினார்கள்.

இதற்கு நடுவில் 2020 பிப்ரவரி 27 அன்று இத்லிப்பில் ஒரு வான்தாக்குதலில் குறைந்தது 33 துருக்கி வீரர்கள் செத்தார்கள். அப்போதும் மோரெக்கில் இருந்தவர்கள் அங்கேயே. ஒரு வாரத்தில் மாஸ்கோவில் எர்துவானும் புடினும் போர்நிறுத்தம் கையெழுத்திட்டார்கள். கேள்வி கேட்டவர் சொல்லும் "அசையாத கோடு" பிறந்தது அன்றைக்கு.

20 டிசம்பர்

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். சிவப்பு ஏன் கரைந்தது என்று சொல்லியிருக்கிறேன், பச்சை ஏன் இந்த முறை கரையவில்லை என்று சொல்லவில்லை. கேள்வியின் பாதி அதுதான்.

பழைய பச்சையின் வியாதி உள்சண்டை. கூத்தாவில் ஜைஷ் அல் இஸ்லாம், ஃபைலக் அல் ரஹ்மான் என்ற இரண்டு கிளர்ச்சிக் குழுக்கள் 2016-லும் 2017-லும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள், வெளியே அரசு காத்துக்கொண்டு நின்றது. 2018 ஏப்ரலில் கூத்தா போயிற்று.

இத்லிப்பில் நுஸ்ரா இயக்கத்தின் தலைவர் ஜோலானி வேறு வழியில் போனார். 2013-ல் ஐஎஸ் தலைவர் பாக்தாதி அறிவித்த இணைப்பை மறுத்து அல்கொய்தா தலைமையிடம் போனவர். 2016 ஜூலையில் அந்த உறவையும் முறித்தார். 2017 ஜனவரியில் எச்டிஎஸ் என்ற புதுக் கூட்டமைப்பு, இந்த நவம்பரில் முன்னால் நின்று கிளம்பியது அதுதான். அதே வருஷம் ஜூலையில் நெடுநாள் கூட்டாளி அஹ்ரார் அல் ஷாமை அடித்து பாப் அல் ஹவா எல்லைக் கடவையைக் கையில் எடுத்தார். 2019 ஜனவரியில் மிச்சமிருந்தவர்களையும் அடக்கினார். 2020-ல் அல்கொய்தாவை விடாமல் பிடித்திருந்த ஹுர்ராஸ் அல் தீன் மீதும் கை வைத்தார். இடையில் எல்லைக் கடவை வருமானம், ஒரு நிர்வாகம், துருக்கி லிரா, படைக்குப் பயிற்சி. யாரும் விரும்பிச் சேரவில்லை, மிதித்துச் சேர்த்தார். நல்லவர் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை நான். ஆனால் 2024 நவம்பரில் அந்தப் பக்கம் ஒரே கட்டளை இருந்தது. எதிரே இருந்த சிவப்பில் ரஷ்யாவின் கவனம் உக்ரைனில், ஹிஸ்புல்லா இஸ்ரேலிடம் அடிவாங்கி அதே நவம்பர் 27 அன்றுதான் லெபனானில் போர்நிறுத்தத்துக்கு வந்திருந்தது.

20 டிசம்பர், கொஞ்சம் கழித்து

எல்லாப் பச்சையும் அல்ல. வடக்கே துருக்கி சம்பளம் கொடுக்கும் எஸ்என்ஏ வேறு பச்சை. இத்லிப்காரர்கள் தெற்கே ஓடும்போது இவர்கள் எதிர்த்திசையில் போய் டிசம்பர் 1 அன்று தல் ரிஃபாத்தையும், பிறகு மன்பிஜையும் எஸ்டிஎஃப்பிடமிருந்து பிடித்தார்கள். அசாத் விழுகிற வாரத்தில் அவர்கள் சண்டை அசாத்தோடு இல்லை.

26 டிசம்பர்

தல் ரிஃபாத் மூன்றாம் முறையாக வந்துவிட்டது, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போரில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இந்த ஒரு சங்கிலிதான்.

2016 பிப்ரவரியில் எஸ்டிஎஃப் தல் ரிஃபாத்தைப் பிடித்தபோது அங்கிருந்த அரபுக் குடும்பங்கள் அஸாஸ் பக்கம் ஓடின, கூடாரம். 2018 ஜனவரியில் துருக்கி அஃப்ரின் மீது பாய்ந்தது. ரஷ்யா தன் ஆட்களை அங்கிருந்து விலக்கி வானத்தைத் திறந்துவிட்டது. பிப்ரவரியில் அரசு ஆதரவுக் குழுக்கள் ஒய்பிஜிக்கு உதவ வந்தன, துருக்கி பீரங்கி அவர்களையும் சுட்டது. மார்ச் 18 அஃப்ரின் விழுந்தது. குர்துக் குடும்பங்கள் தல் ரிஃபாத்துக்கு ஓடி, அரபுகள் விட்டுப்போன வீடுகளில் இறங்கினார்கள்.

அதே மார்ச்சிலும் ஏப்ரலிலும் கூத்தாவிலிருந்து பச்சை பஸ்கள் வடக்கே வருகின்றன. சரணடையாதவர்களை ஏற்றி அனுப்பிய அரசு நகரப் பேருந்துகள், நம்மூரில் பார்க்கிற மாதிரி சாதாரண பஸ்தான். அதில் வந்தவர்களில் கணிசமானவர்கள் இறங்கிய இடம் அஃப்ரின். ஆலிவ் தோப்போடு காலியாகக் கிடந்த குர்து வீடுகள்.

டமாஸ்கஸ்காரர் அஃப்ரின்காரர் வீட்டில். அஃப்ரின்காரர் தல் ரிஃபாத்காரர் வீட்டில். தல் ரிஃபாத்காரர் கூடாரத்தில். இப்போது டிசம்பரில் எஸ்என்ஏ வந்ததும் தல் ரிஃபாத்திலிருந்த அஃப்ரின் குர்துகள் மறுபடி மூட்டை கட்டி, குளிரில், யூப்ரடிஸ் தாண்டி. வரைபடத்தில் இது ஒரு சின்ன மஞ்சள் துண்டு பச்சையானது. ஒரு விநாடி வேலை.

4 ஜனவரி 2025

லெபனான் இதைவிடச் சிக்கல் என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்கிறேன். 1976 ஜூனில் சிரியா ராணுவம் உள்ளே போனது மரோனைட் கிறிஸ்தவர்களைக் காப்பாற்ற, பாலஸ்தீனர்களுக்கு எதிராக. 1978-ல் அதே ராணுவம் கிறிஸ்தவக் கிழக்கு பெய்ரூட் மீது ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஷியாக்களின் அமலும் ஷியாக்களின் ஹிஸ்புல்லாவும். 1990-ல் கிறிஸ்தவர்களின் தளபதி அவுனும் கிறிஸ்தவர்களின் லெபனான் படைகளும். மதத்தை வைத்து அணி பிரிக்கிறவர்கள் அந்த இரண்டு சண்டைகளைப் படித்துவிட்டு வரட்டும்.

சிரியாவிலும் உண்டு. டமாஸ்கஸில் யர்மூக் பாலஸ்தீன அகதி முகாம், 2015 ஏப்ரல். ஐஎஸ் உள்ளே நுழைகிறது, நுஸ்ரா வழிவிடுகிறது. ஹமாஸ் சார்புள்ள பாலஸ்தீனக் குழு அதுவரை அசாத்தை எதிர்த்து நின்றது. அதன் ஆட்களில் ஒரு பகுதி அசாத் பக்கம் போய் நின்று ஐஎஸ்ஸோடு சண்டை போட்டது. தெருவுக்குத் தெரு அணி மாறியது.

30 ஜனவரி

நேற்று டமாஸ்கஸில் எல்லா ஆயுதக்குழுக்களும் கலைக்கப்பட்டதாக அறிவிப்பு, அஹ்மத் அல் ஷரா, அதாவது நம் பழைய ஜோலானி, இடைக்கால அதிபர். கலைந்தது பெயர்ப்பலகை. யூப்ரடிஸ் மேல் இருக்கும் திஷ்ரின் அணையில் எஸ்என்ஏவும் எஸ்டிஎஃப்பும் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

8 மார்ச்

கடற்கரைச் செய்தி பார்த்தீர்களா? 6-ஆம் தேதி பழைய அரசின் ஆட்கள் பாதுகாப்புப் படையைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்தது, அசாத்தின் சமூகமான அலவிகளின் கிராமங்களில் வீடு புகுந்து கொலை. நூற்றுக்கணக்கில். இன்றைக்கு வேறு எதுவும் எழுத மனசில்லை.

11 மார்ச் 2025

நேற்று ஷராவும் எஸ்டிஎஃப் தளபதி மஸ்லூம் அப்தியும் கையெழுத்திட்டார்கள். எட்டு அம்சம். எல்லைக் கடவைகள், கமிஷ்லி விமான நிலையம், எண்ணெய், எரிவாயு வயல்கள் எல்லாம் அரசோடு இணையும். குர்துகள் நாட்டின் அசல் அங்கம். எல்லா இடத்திலும் போர்நிறுத்தம். வருஷக் கடைசிக்குள் நிறைவேற்ற வேண்டும்.

உடனே ஒருவர் "மஞ்சளும் முடிந்தது, இழையை மூடலாம்" என்கிறார். அவசரப்படாதீர்கள். தரா 2018-க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான் நான் தேடுவேன்: எஸ்டிஎஃப் தன் ஆட்களோடு மொத்தமாக ஒரு படையணியாகச் சேர்கிறதா, அல்லது தனித்தனி ஆளாகப் பிரித்துச் சேர்க்கிறார்களா. மொத்தமாகச் சேர்ந்தால் அது அவ்தா பாணி, கட்டளை பழைய கையிலேயே இருக்கும். இணைப்பு என்று எழுதிய அம்சம் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை. ஐஎஸ் கைதிகள் ஆயிரக்கணக்கில் எஸ்டிஎஃப் சிறைகளில் இருக்கிறார்கள், அல் ஹோல் முகாமில் குடும்பத்தார் பல்லாயிரம் பேர். ஹசக்கா சிறை வாசலில் நிற்கும் காவலாளி இனி யாருடைய ஆள், அடுத்த சம்பளத்தை அவனுக்கு யார் கொடுப்பார்கள் என்பது அந்த எட்டில் எங்கேயும் இல்லை.